ஜோடிச் சொற்கள்

"கடிகாரம்?" என்றாள் சோல்ருன்.

எய்லிவ் ஜன்னல் வழியே நார்வேயின் பெர்கன் நகரத்து மழையைப் பார்த்தார். "கடிகாரம்... ஏணியா?"

"இல்ல. உப்பு."

பல்கலைக்கழகத்தின் ஞாபக ஆராய்ச்சி அது. மொத்தம் இருபது ஜோடிச் சொற்கள். செவ்வாய்தோறும் அவள் ஒன்றைச் சொல்வாள், அதன் ஜோடியை அவர் சொல்ல வேண்டும். இருபதையும் சரியாகச் சொல்லிவிட்டால் மறுவாரம் வர வேண்டியதில்லை.

வசந்தத்தில் தாழ்வாரம் முழுக்க ஆட்கள் காத்திருப்பார்கள். இந்த அக்டோபரில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எப்போதோ தேறிப் போயிருப்பார்கள்.

ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, லவங்கப்பட்டை தூவிய பன் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். நாட்டின் வடகோடித் தீவு ஒன்றிலிருந்து படிக்க வந்தவள்.

"உங்க ஊர்லயும் இப்படித்தான் கொட்டுமா?"

"எங்க ஊர்ல காத்துதான். குடை பிடிச்சா ரஷ்யாவுல போய் இறங்கலாம்."

எய்லிவ் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி போன இந்த இரண்டு வருடத்தில் அவர் சிரிப்பது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "மே மாசம் பதினேழு சொன்னீங்க. இன்னிக்கு ஆறு. நீங்க டாக்டரைப் பாக்கணும். தனியாப் போக வேண்டாம், நான் கூட வர்றேன்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அந்தக் கண்களில் நீரைக் கண்டதும் எய்லிவுக்குத் தாங்கவில்லை.

"கடிகாரம், உப்பு. மீன், கதவு. ஏணி, தேன்..." கண்ணை மூடிக்கொண்டு இருபதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

அவள் விரல் பட்டியலில் வரிவரியாகக் கூடவே இறங்கியது. இருபதும் சரி.

"எல்லாம் எப்பவோ மனப்பாடம்மா. சரியாச் சொன்னா, போதும் வராதீங்கன்னுடுவியே. வீட்ல எங்கூடப் பேசறது ரேடியோ மட்டும்தான்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உன் ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடு."

சோல்ருன் அவர் கோப்பையில் மறுபடி காபி ஊற்றினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"ஆராய்ச்சி ஜூன்லயே முடிஞ்சுபோச்சு, எய்லிவ்."