தொட்டிலில் துப்பாக்கி

வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து கட்டில் கால்களைப் பாதி விழுங்கிவிட்டது. வங்கிக் காவலாளி கட்டில்மேல் நின்றபடி, எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கியை மார்போடு அணைத்திருக்கிறான். பரணில் அரிசி மூட்டையும் மனைவியின் தையல் மெஷினும் முன்னமே ஏறிவிட்டன. அங்கே ஊசி நுழைய இடமில்லை. மிச்சம் இருப்பது உத்தரத்துக் கொக்கியில் தொங்கும் தொட்டில் மட்டும்தான். "நல்லாருக்குய்யா உன் நியாயம்! அப்போ பிள்ளைய எங்க போடறதாம்?" என்கிறாள் அதே கட்டில்மேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மனைவி. "உன் இடுப்புல. சொந்தத் துப்பாக்கி இருக்குன்னுதானே வேலையே குடுத்தாங்க? இது துருப்பிடிச்சா அப்புறம் என்னை வாசல்லகூட நிக்க விடமாட்டாங்க." "உள்ள குண்டு ஏதும் இல்லியே?" "தோட்டா தனியா டப்பால இருக்கு தாயே, நீயே பாரு." துணியை விலக்கி, குழலை மடக்கித் திறந்து காட்டுகிறான். இரண்டு துளை வழியாகவும் ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் தெரிகிறது. மறுபடி சுற்றித் தொட்டிலுக்குள் இறக்குகிறான். கொக்கி முனகுகிறது, கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து தண்ணீரில் விழுகிறது. இருவரும் மூச்சுவிடாமல் அண்ணாந்து பார்க்கிறார்கள். தன் இடத்தில் வேறு எதையோ படுக்கவைத்ததைக் கண்டு பிள்ளை வீறிடுகிறது. அழுகை கேட்டதும் அவள் கை பழக்கத்தில் தொட்டிலை ஆட்டப் போகிறது. "ஐயோ, ஆட்டாதடி!" என்று பதறி, அவன் தொட்டிலுக்கு அடியில் இரு கைகளையும் விரித்து ஏந்திக்கொள்கிறான், பிள்ளையை முதன்முதலாக அதில் கிடத்திய அன்று நின்றதுபோலவே. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொடுகிறது.