கண்ணாயிரம் மாட்டிய பேட்டரி

"அண்ணே, இதையா புதுப் பேட்டரின்னு சொன்னீங்க?"

கீழ்பென்னாத்தூர் மெக்கானிக் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, மூடியில் பொறித்திருந்த வருஷத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "தொண்ணூத்தாறுல வந்தது. எட்டு வயசு ஆயிடுச்சி. உள்ள தகடெல்லாம் கரைஞ்சி கெடக்கு. யாரோ உங்களுக்கு நல்லா வேலை காட்டிட்டாங்க."

டாக்சி டிரைவர் சகாதேவன் குனிந்து அந்த வருஷத்தை இன்னொரு தரம் படித்தான். போன ஆயுத பூஜைக்குத்தான் கண்ணாயிரத்தின் பேட்டரிக் கடையில் புத்தம்புதுசாக வாங்கி மாட்டியிருந்தான்.

அவன் அம்பாசிடருக்குப் பக்கத்தில், சவாரி வந்த கோதண்டராமன் வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். மகள் அபிநயாவுக்குச் சென்னையில் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. டீ குடிக்க நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பவே இல்லை. நாலு பேர் தள்ளியும் இருமியதோடு சரி.

செஞ்சி வழியாகச் சென்னை போகும் பஸ் வந்தது. மகளை ஏற்றிவிட்டு வாத்தியார் படியில் நின்றார். "எட்டு வருஷமா உன் வண்டியத் தவிர வேற வண்டி வெச்சதில்ல சகாதேவா. இனிமே பழகிக்கறேன்" என்றார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மெக்கானிக் உள்ளே போய் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார். "ஊர் போய்ச் சேர நம்ம கடைப் பேட்டரிய வெச்சிக்கோங்க. உங்களுத சரி பண்ணிக்கினு இதத் திருப்பிக் குடுத்துடுங்க."

முன்பின் தெரியாத மனுஷன் நம்பிக் கொடுக்கிறான். பதினைந்து வருஷம் ஒன்றாக டீ குடித்தவன் கழுத்தை அறுத்திருக்கிறான். திருவண்ணாமலை வரும்வரை சகாதேவன் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான். கார் வாங்கிய அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவனே கண்ணாயிரம்தான். பேட்டரி அவன் பொறுப்பு என்று சகாதேவன் பானெட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த நாலைந்து மாதமாக வீட்டுக்கும் சவாரிக்கும் ஓடியதில் கடைப் பக்கமும் போகவில்லை.

நேரே கடைக்குப் போயிருந்தால் விஷயம் இரண்டு பேரோடு முடிந்திருக்கும். ஆத்திரம் விட்டால்தானே. டாக்சி ஸ்டாண்டில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் பழைய பேட்டரியைக் காட்டினான்.

"கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேன். பழசுக்குப் பெயிண்ட் அடிச்சி என் தலையில கட்டிட்டான்." பெயிண்ட் அடித்த கதை பேசும்போதே தானாக வந்து சேர்ந்துகொண்டது.

ஸ்டாண்டில் பதினோரு வண்டி, அத்தனையும் கண்ணாயிரத்தின் வாடிக்கை. பௌர்ணமி கிரிவலத்துக்கு இரண்டே நாள் இருந்ததால் நாலு பேர் பேட்டரியை அவனிடம் சார்ஜுக்குப் போட்டிருந்தார்கள். உடனே போய் நாலு பேரும் பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கண்ணாயிரம் காலியான மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவர்களுக்குப் பின்னாலேயே போன சகாதேவன், அந்த மேசை மேல் பேட்டரியைத் தொப்பென்று வைத்தான்.

"நல்லாப் பாரு. உன் கையால மாட்டினதுதானே?"

கண்ணாயிரம் குனிந்து பார்த்தான். "ஆமாம்பா. நான் மாட்டினதுதான்."

"பழசுன்னு தெரிஞ்சிதானே மாட்டினே?"

"தெரிஞ்சிதான்."

வெட்கமே இல்லாமல் ஒத்துக்கொள்கிறான். வாசலில் நின்ற டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் காறித் துப்பினார்.

"வாத்தியார் பொண்ணு இன்டர்வியூவுக்குப் போவ முடியாம நடுரோட்டுல நின்னுச்சிடா. உனக்கு மனசாட்சி வேணாமா?"

"உன் பாப்பாவுக்கு இப்ப எத்தினி மாசம் ஆவுது?" என்று கேட்டான் கண்ணாயிரம்.

"பேச்ச மாத்தாத. அஞ்சு முடியப் போவுது. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?"

"பாப்பா பொறந்த அன்னிக்கு வண்டி கெளம்பலன்னு ஓடியாந்தியே, ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்லாம? ராத்திரி லைட்ட அணைக்காம வுட்டுட்டேன். காலைல வேதா இடுப்பு வலியில துடிக்கறா, நீதான் வந்து கெளப்பிக் குடுத்தே. அந்த நம்பிக்கையிலதானே இன்னிக்கு மோசம் போயிட்டேன். பதினஞ்சு வருசப் பழக்கத்த ஒரு பேட்டரிக்கு வித்துட்டியே." சகாதேவனுக்கு ஏமாந்ததுகூடப் பெரிதில்லை, ஏமாற்றியவன் இவன் என்பதுதான் தாங்கவில்லை. "இனிமே உன் கடைப் படி ஏற மாட்டேன்."

கண்ணாயிரம் உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் இன்னொரு பேட்டரி இருந்தது. தூசு தும்பு இல்லாமல் துடைத்து, முனைகளுக்குப் பதமாகக் கிரீஸ் தடவியிருந்தது.

"இதையும் என் தலையில கட்டப் பாக்கறியா?" என்றான் சகாதேவன்.

கண்ணாயிரம் அதை மெதுவாக அவன் முன்னால் தள்ளிவைத்தான்.

"இதான் உன்னோட புதுசுப்பா, அன்னிக்கே கழட்டி சார்ஜ் போட்டு வெச்சது. அது அன்னிக்கு ஆஸ்பத்திரி போவ நான் இரவல் குடுத்தது. பச்சக் கொழந்த இருக்கிற வீட்டுல வந்து எப்பிடித் திருப்பிக் கேக்கறதுன்னு வுட்டுட்டேன்."