குடைக்குள் ஒரு முழங்கால்

ஜெசிந்தா எழுதிய மென்பொருளை நம்பி உலகமெங்கும் நாற்பதாயிரம் செயற்கைக் கால்கள் நடந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அவள் கணவர் இருதயராஜுடையது. அந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். ஆனால் புதிதாக எதை எழுதினாலும் ஜெசிந்தா முதலில் ஏற்றிப் பார்ப்பது வீட்டுக் காலில்தான்.

போன ஞாயிறு பூசையில் முழங்காலிட்ட இருதயராஜுக்கு மூட்டு மடங்கியபடியே நின்றுவிட்டது. அடுத்த பூசை முடியும்வரை அவர் எழவில்லை. அவருடைய பக்தியைத் தூத்துக்குடியே மெச்சியது.

இப்படிப்பட்ட மென்பொருள்களைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொள்ளும் அறக்கட்டளை ஒன்று இப்போது அவளையும் அழைத்திருந்தது. சட்டமும் நன்கொடையும் அவர்கள் பாடு. ஆனால் அவர்களுடைய குழு சோதிக்காமல் எதையும் வெளியிடக் கூடாது.

"என் சமையலுக்கு ஊரான் வந்து உப்பு பாக்கணுமாக்கும்?" என்று பொரிந்தாள் ஜெசிந்தா.

"பாக்கட்டுமே! இம்புட்டு நாளும் நான்தான பாத்தேன். பதினோரு தடவ விழுந்தாச்சு," என்றார் இருதயராஜ்.

அறக்கட்டளை அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் அவள் பதில் எழுதவில்லை. 'உங்களுக்குப் பிறகு இதை யார் பராமரிப்பார்?'

"அத ஏன் விட்டுட்ட?"

"நான் எங்க போகப்போறேன்?"

"ஏட்டி, நீ எனக்கு முந்திக்கிட்டேன்னு வையி. கல்லறைத் திருநாளுக்குப் பூவ எடுத்துக்கிட்டு நான் எப்படி நடந்து வருவேன்?"

ஜெசிந்தா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு அந்த இடத்தில் அறக்கட்டளையின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள்.

"மல்லியப்பூவா வாங்கிட்டு வாங்க," என்றாள். "சாமந்தி எனக்கு ஆவாது."