மைனா கொடுத்த ரைட்

பேருந்து நிலையத்துப் புளியமரத்தில் ஒரு மைனா இருந்தது. கண்டக்டர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு 'ரைட்' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தது. அதையே எல்லாவற்றோடும் சேர்த்துப் பேசும். சந்தேகம் வந்தால் "ரைட்டா?" என்று கேட்கும். அடுத்த கிளைக் காகம் சண்டைக்கு வந்தால் "ரைட்டு, விடு" என்று சொல்லிவிடும்.

"ஒரு சொல்லை வச்சுக்கிட்டு இவ்வளவு பீத்தலா?" என்று காகம் சிரிக்கும்.

ஒரு நாள் மரத்தடியில் நின்ற பேருந்தின் கூரைமேல் ஒரு பூனை ஏறியது. அங்கிருந்து தாவினால் காகத்தின் கூடு. உள்ளே இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். காகம் கத்தியது, பாய்ந்து பாய்ந்து கொத்தியது. பூனை அசரவில்லை. தாவுவதற்காக உடம்பைக் குறுக்கியது.

"ஐயோ, யாராவது வாங்களேன்!"

மைனா பேருந்தின் பின்படிக்குப் பறந்தது. கண்டக்டரின் கரகரத்த குரலில் முழங்கியது.

"போலாம் ரைட்!"

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். உள்ளே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், டிரைவருக்கு இன்றைக்கு ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டார். பூனை தடுமாறி விழுந்து, கூரைக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி கடைத்தெருவைத் தாண்டி, பாலத்தையும் தாண்டிப் போயே போய்விட்டது.

காகம் மைனாவின் அருகில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, என் பிள்ளைங்களுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுங்க."

மைனா பதில் சொல்வதற்குள் கூட்டிலிருந்து மூன்று குஞ்சுகளும் ஒரே குரலில் கத்தின:

"கா ரைட்!"