செவலைக்கு ஒரு சீழ்க்கை

சுருளிப்பட்டி சாலையோரத்துத் திராட்சைப் பந்தலின் நிழலில், வண்டிப் பந்தயத்தில் முந்தி வந்த செவலைக் குதிரை வியர்வை காயாமல் நிற்கிறது. அதன் வயிற்றுக்கடியில், நீளக் குச்சியில் கட்டிய பிளாஸ்டிக் கோப்பையை நீட்டிக்கொண்டு கால்நடை டாக்டர் இவாஞ்சலின் குந்தியிருக்கிறாள். இலைகளுக்கிடையே விழும் சாயங்கால வெயில் கோப்பையின் வெறும் அடியில் மினுங்குகிறது. மூத்திரம் விழுந்தால்தான் ஊக்கமருந்துச் சோதனை. சோதனையில் தேறினால்தான் ஜெயித்தது ஜெயித்ததாகும். குதிரையோ காதை மட்டும் ஆட்டுகிறது. குதிரைக்காரர் பிலவேந்திரன் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்க, குதிரையைப் பழக்கிய அவருடைய மச்சினன் ஆண்டனி ராஜ் சீழ்க்கையை இழுத்து இழுத்து அடிக்கிறான். தினமும் அந்தச் சத்தத்துக்குத்தான் செவலை மூத்திரம் பெய்யும். “காயடிக்காத குதிரைம்மா. ஊசி எதுவும் போடல. ஆனா ஆண் குதிரைன்னாலே சோதனையில மருந்து காட்டும்னு சொல்றாகளே?” பிலவேந்திரன் டாக்டரிடம் கேட்கிறார். “காட்டும்ணே. அது உடம்பே சுரக்குறது. அதுக்குன்னு ஒரு அளவு இருக்கு, அதுக்குள்ள இருந்தா குத்தமில்ல,” என்கிறாள் இவாஞ்சலின், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அளவு தாண்டினா ஊசிதான்.” பிலவேந்திரனுக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. “கேட்டியா மாப்ள? நாம பயப்பட ஒண்ணுமில்ல. நல்லா அடி.” ஆண்டனி ராஜ் உதட்டைக் குவிக்கிறான். வெறும் காற்றுதான் வருகிறது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு மறுபடியும் குவிக்கிறான்; மறுபடியும் காற்றுதான். பிலவேந்திரன் குதிரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்கிறார். சீழ்க்கை நின்றுபோன அந்த அமைதியில், செவலை தானாகவே பின்னங்கால்களை அகட்டுகிறது. கோப்பை நிறைகிற சத்தம் மட்டும் கேட்கிறது.