ஆடிக்கும் செப்டம்பருக்கும் நடுவே

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. அறுபத்து நாலாம் வருசத்துச் சங்கதி ஒன்று சொல்கிறேன். அடுப்பில் பால் வைத்திருந்தாலும் பொங்குவதற்குள் முடித்துவிடுவேன்.

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு முதியோர் விடுதி. அதன் வாசலில், தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்திருந்தார் சுப்பண்ணன். வயது எழுபத்திரண்டு. தோள் இரண்டும் குலுங்கின.

"மறுபடியுமா?" என்றார் மேனேஜர் அழகிரிசாமி.

"ஆடி முடிஞ்சுபோச்சுங்க," என்றார் சுப்பண்ணன், துண்டுக்குள்ளிருந்து.

மனைவி போனபின் அவரை மகன்கள் இருவரும் மாதம் ஒருவராக வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மூத்தவன் நஞ்சுண்டனுக்குப் பல்லடத்தில் விவசாயம். அவனுக்குத் தமிழ் மாதம். இளையவன் மருதாசலத்துக்கு மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வேலை. அவனுக்கு இங்கிலீஷ் மாதம்.

ஆடி முடிந்த மறுநாள் மூத்தவன் பஸ் ஏற்றிவிடுவான். செப்டம்பர் முதல் தேதிக்கு முன்னால் இளையவன் கதவைத் திறக்க மாட்டான். நடுவில் பதினைந்து நாள் சுப்பண்ணன் யாருக்கும் இல்லை. செப்டம்பர் முடிந்தால், ஐப்பசி பிறக்கும்வரை மறுபடியும் அதே கதை.

விடுதியில் இருந்தது மூன்று வகை. நடமாடுகிறவர்களுக்குப் பொதுக்கூடம், படுத்துவிட்டவர்களுக்கு நர்ஸ் பக்கத்து அறை, தம்பதிகளுக்குத் தோட்டத்தில் சின்ன ஓட்டு வீடு. எதில் சேர்வதென்றாலும் சோறு போடப் பிள்ளை இருக்கக் கூடாது. அது கமிட்டி சட்டம். சுப்பண்ணனுக்கோ பிள்ளை இருந்தது, பதினைந்து நாளைக்கு இல்லாமலும் இருந்தது. யோசித்து யோசித்து அழகிரிசாமி நாலாவதாக ஒரு வகை உண்டாக்கினார்: 'காலண்டர் அகதி'.

மூன்று வருசமாக இப்படி. பொதுக்கூடத்தில் அவர் தலையைக் கண்டதும் யாராவது அவருக்கும் ஒரு கை போடச் சீட்டுக்கட்டைக் கலைப்பார்கள். ரேடியோ சத்தம் கூடும்.

இந்தத் தடவை அழகிரிசாமிக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மகன்களுக்கும் தந்தி அடித்துவிட்டார்.

மறுநாள் வந்தார்கள். முகம் பார்த்துப் பேசி மூன்று வருசமானவர்கள். ஒருவருக்கொருவர் தகவல் போவதும் வருவதும் அப்பன் வாய்வழியேதான். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"ஆவணி எனக்கில்லீங்க," என்றான் நஞ்சுண்டன்.

"ஆகஸ்டு எனக்கில்லீங்க," என்றான் மருதாசலம்.

"அப்ப இன்னிக்கு இவரு யாருக்கு அப்பா?" என்றார் அழகிரிசாமி.

இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"பதினஞ்சு நாள் சேத்தி வெச்சுக்கிட்டா குடி முழுகிருமாப்பா?"

"சோத்துக்குப் பாக்கலீங்க," என்றான் மூத்தவன். "இன்னிக்கு நாள உட்டுக்குடுத்தா, நாளைக்கு வரப்பையும் உட்டுக்குடும்பான் இவன்."

"வரப்பு ஆருக்கு வேணும்?" என்று இளையவன் சுவரிடம் சீறினான். "தமிழ் மாசந்தான் வேணும்னு சட்டம் பேசுனது நீதான?"

"நானா? இங்கிலீசு மாசம் இல்லாட்டி ஐயன வெச்சுக்க மாட்டேன்னு நீதான சொல்லியுட்டயாமா!"

"நான் சொல்லியுட்டனா? ஆருகிட்ட..."

அந்த நேரம் பார்த்துச் சுப்பண்ணனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அப்படி ஓர் இருமல்! அழகிரிசாமி தண்ணீருக்கு ஓடினார். மூத்தவன் முதுகைத் தடவினான், இளையவன் நெஞ்சை நீவினான். தடவிய கையும் நீவிய கையும் தோளில் முட்டிக்கொண்டன.

"அண்ணா, ஐயன் போய்ச் சேந்துட்டா எந்தக் காலண்டர்லண்ணா திதி குடுக்கறது?" என்றான் மருதாசலம். குரல் உடைந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாத தம்பி. உன்னோட இங்கிலீசு மாசத்தையே நானும் வெச்சுக்கறேன்."

"வேண்டாங்ண்ணா. தமிழ் மாசமே இருக்கட்டும்."

"நாஞ் சொல்றேன், இங்கிலீசு!"

"முடியாது, தமிழு!"

இதற்கும் சண்டை மூண்டுவிடும்போல இருந்ததால் அழகிரிசாமியே தீர்ப்புச் சொன்னார். இனி இருவருக்கும் இங்கிலீஷ் மாதம். ஆகஸ்ட் முழுக்க அண்ணன், செப்டம்பர் தம்பி, இடைவெளி ஒரு நாளும் கிடையாது.

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்புறம் தகரப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, வண்டி பிடிக்க வாசலுக்கு நடந்தார்கள்.

சுப்பண்ணன் கண்ணில் இப்போது நிஜமாகவே தண்ணீர். அழகிரிசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சந்தோசமாப் போயிட்டு வாங்க பெரியவரே. இனி நீங்க இந்தப் பக்கமே வர வேண்டியதில்லே."

சுப்பண்ணன் பொதுக்கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மகன்கள் காதில் விழாமல் அழகிரிசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவஞ் சொல்லாதத இவங்கிட்டயும், இவஞ் சொல்லாதத அவங்கிட்டயும் சொல்லிச் சொல்லி, மூணு வருசமா ரெண்டு பேரையும் பேச உடாம இந்தப் பதினஞ்சு நாளக் காப்பாத்துனனுங்க... ஒரே நாள்ல சேத்தி வெச்சுப்போட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?"

நீங்கள் நல்லா இருங்க கண்ணுகளா. உங்கள் வீட்டு உலை கொதித்தபடி இருக்கட்டும், வாசலில் செருப்பு குறையாமல் கிடக்கட்டும்.