விரலுக்குத் தெரிந்த தாள்கள்

கட்டிலில் பரப்பியிருக்கும் காகிதங்கள்மேல் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. நடுவே சம்மணமிட்டிருக்கிறாள் பார்வையில்லாத மனைவி. விடிந்தால் மகளைப் பார்க்கத் தனியாக விமானம் ஏறப்போகிறவள். அடையாளத்துக்காக அவள் மாட்டியிருந்த கிளிப், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் உருவிவிட்டு, நல்லது செய்வதாக நினைத்து, தாள்களை ஒரே மாதிரி உறைகளில் அழகாகப் போட்டுவைத்தவர் கணவர். இப்போது திருதிருவென்று விழித்தபடி ஒவ்வொன்றாக வாசிக்கிறார். "விசா." ஓரத்தில் ஊசி நூலால் ஒரு முடிச்சுப் போடுகிறாள். "டிக்கெட்." மூலையை மடிக்கிறாள். காப்பீட்டுத் தாளுக்குக் கிளிப். "இப்ப நல்லா கலைச்சுப் போட்டுட்டுக் கேளுங்க." சீட்டுக்கட்டைப்போல் கலைத்துவிட்டுக் கேட்கிறார். காகிதம் சரசரக்கிறது, தாளின் பெயரை அவர் சொல்லி முடிப்பதற்குள் அது அவர் மடியில் இருக்கிறது. கேட்கக் கேட்க வந்துகொண்டே இருக்கிறது. அவரும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கிறார். எல்லாம் வெறும் தாளாகவே இருக்கிறது. கண்ணைத் திறக்கிறார். இத்தனை வருடமும் தான் பிடித்து வழிநடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த விரல்களில் வெயில் ஏறியிருக்கிறது. "தனியா அனுப்பப் பயமா இருக்குன்னீங்களே, இப்ப போச்சா?" என்கிறாள். தலையை ஆட்டுகிறார். "தலையாட்டுறது தெரியுது," என்கிறாள் அவள், பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்தபடி. "வாயத் திறந்து சொல்லுங்க."